வளையிட்ட கை

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஜெயன் காரோடு கிராமத்துக்கு வந்தார். வந்தவர் சாயா குடிக்காமல் போனார். மாப்பிள்ளையின் அம்மாவன் பெண் வீட்டில் வைத்த சாயாவைத் தொடாமல் எழுந்து போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் போன பிறகும் பெண்ணின் அம்மா விலாசினி அந்த கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாயாவின் மேல் ஆடை படிந்துவிட்டது.

ஜெயன் லேசுப்பட்ட ஆளில்லை. மாப்பிள்ளை அகிலேஷின் தாய் சரசம்மாவுக்கு ஒரே தம்பி. அகிலேஷின் அப்பா போன பிறகு காஞ்சிரங்குளத்தில் அந்த வீட்டுக்கு நல்லது கெட்டது எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். இருபது வருடமாக மஸ்கட்டில் இருக்கிறார். இடவ மாதம், வைகாசியில், நடந்த வளையிடல் நிச்சயத்துக்கு லீவு கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு என்று இப்போதுதான் வந்திருந்தார். பெண் அஸ்வதியை ஆல்பத்தில் மட்டுமே பார்த்திருந்தார்.

வந்து அமர்ந்ததும் அவர் பேச்சை வளைக்கவில்லை.

"நெய்யாற்றின்கரை லேபுல சுகர் நோக்கப் போனேன். ரத்தம் எடுத்தது உங்க அஸ்வதியாக்கும். ஆல்பத்துல கண்ட முகம், உடனே அறிஞ்சேன். அவளுக்கு என்னைத் தெரியேல்ல. கையுறையைக் களட்டி வச்சிட்டு எழுத இருந்தா. வலத்த கை மணிக்கட்டுல, இந்தா இவ்வளவுக்கு, தோலு வெளுத்து பாண்டு."

பெண்ணின் அப்பா கிருஷ்ணன்குட்டி துண்டைத் தோளில் இருந்து எடுத்து மடியில் வைத்தார். "அது அவளுக்கு ஏழு வயசுலயே வந்ததாக்கும். ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குப் பகருக நோயில்ல. டாக்டர் எழுதித் தந்தது உண்டு, எடுத்துக் காட்டுறேன்."

"நோயப் பத்தி நான் கேக்கேல்ல அண்ணாச்சி." ஜெயன் பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து விரித்தார். சரசம்மா பெண்ணின் கையைப் பிடித்து வளை ஏற்றுகிற படம். பக்கம் முழுக்க இரண்டு கைகள்தான். "இதுல எங்க பாண்டு? நீங்களே காட்டித் தாங்க."

மணிக்கட்டு பளிச்சென்று இருந்தது. ஒரு புள்ளி கிடையாது.

"ஆல்பத்துக்க வேலை எல்லாம் உங்க மூத்த பிள்ளை கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு எனக்க அக்காகிட்ட பெருமையா சொல்லியிருக்கிய. அப்ப இதும் அவ செஞ்சதுதான? மறைச்சுக் கெட்டிக் குடுக்கப் பாத்தாங்கன்னு நாளைக்கு நாலுபேர் கேட்டா நான் என்ன சொல்லணும்? ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வாங்க. வேணுமா வேண்டாமான்னு அன்னைக்குப் பேசித் தீத்துருவோம்."

உள் அறையில் இருந்த மூத்தவள் லேகாவுக்கு எல்லாம் கேட்டது. அவள் முன்னால் திரையில் பொழியூரில் ஞானஸ்நானம் நடந்த ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கும் சஜன் எடுக்கிற படங்களுக்கு வெளிச்சமும் நிறமும் சரிசெய்து கொடுப்பது அவள் வேலை. புருஷன் தீபு கப்பலில் இருக்கும் மாதங்களில் அவள் தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள், கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு. தங்கையின் வளையிடல் படங்களை வேறு யாரிடமும் கொடுக்க விடாமல் கேட்டு வாங்கியதும் அவள்தான்.

"எடி லேகா, இங்க வா," என்று கிருஷ்ணன்குட்டி கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிற மனிதரில்லை. அன்று ரப்பர் தோட்டத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

அவள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ செஞ்சதா?"

"நான் செஞ்சதுதான் அச்சா."

"எத்தன படத்துல?"

"அறுவத்திமூணு."

விலாசினி நெஞ்சில் கை வைத்தாள். "தைவமே! அறுவத்திமூணா? ஏம்பிள்ளே, உன்கிட்ட யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாக, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து அந்த வெள்ளையின் மேல் பூசினாள். பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில் யாராவது பெண்பிள்ளை "இது என்னடி கையில?" என்று குனிந்தால் லேகா சட்டென்று தன் கையைத் தங்கையின் மணிக்கட்டின் மேல் வைத்துக்கொள்வாள். எத்தனை வருடத்துப் பழக்கம் அது. மௌஸைப் பிடித்தபோதும் அதே கைதான். பாசம் என்று நினைத்துத்தான் செய்தாள், அது திருட்டாகத் திரும்பி வந்து வாசலில் உட்காரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

உண்மையில் அந்த வீட்டில் யாரும் எதையும் மறைக்கவில்லை. சொல்லவும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று அஸ்வதி முழங்கை வரைக்கும் கை ஏறிய சுடிதாரில்தான் பலகாரத் தட்டை நீட்டினாள். கண் உள்ளவர்கள் பார்க்கட்டும் என்று இவர்கள் இருந்தார்கள். அகிலேஷிடம் அவளே போனில் சொல்லிவிட்டாள். "எனக்கு ஒரு குழப்பமும் இல்ல" என்று அவன் பஹ்ரைனில் இருந்து சொன்னான். சரசம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியத்தின் நடுவில் வாய்விட்டுச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

"இப்ப என்ன செய்ய?" கிருஷ்ணன்குட்டி கேட்டார். "நீ அழிச்சதை நீயே திரும்ப வரைஞ்சு வைக்கப் பற்றுமா?"

"நான் அழிக்கேல்ல அச்சா."

"பொறவு அது எங்க போச்சு?"

லேகா எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். "தைக்க குடுத்த துணியில சோக்கு வச்சுக் கோடு போடுவாங்கல்லா? அதுபோலயாக்கும். கத்திரி வைக்கேல்ல. கேமரா எடுத்த படத்துக்குப் பேரு ரா. அதுல நாம ஒண்ணும் எழுத முடியாது. எனக்க வேலை பூரா பக்கத்துல ஒரு சின்ன ஃபைல்ல குறிப்பா கிடக்கும். இந்த இடத்துல இந்த நிறம், அந்த இடத்துல இவ்வளவு வெளிச்சம்னு. அந்தக் குறிப்பை மாத்திட்டா படம் பழையபடி."

"அப்ப பழைய படம் உன்கிட்ட உண்டு?"

லேகாவிடம் இல்லை. ரா படங்கள் கனத்தவை. ஹார்ட் டிஸ்கில்தான் சஜன் கொண்டுவந்து கொடுப்பான், வேலை முடிந்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஆல்பம் கைக்குப் போன பிறகு அவன் டிஸ்கைத் துடைத்து அடுத்த வேலையை ஏற்றுவது வழக்கம். ஆல்பம் கொடுத்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

சஜனுக்குப் போன் போட்டாள். கன்னியாகுமரியில் கடற்கரைக் கல்யாணம், நாளைக்குத்தான் வருவான் என்று கடைப்பையன் சொன்னான்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கிருஷ்ணன்குட்டி ரப்பர் மரங்களுக்கு மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் குடையோடு இறங்கினார். விலாசினி மரச்சீனிக் கிழங்கைத் தோலுரிக்க உட்கார்ந்தாள். வெட்டுகிற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வார்த்தை சொன்னாள். "நம்ம பிள்ளைக்கு இனி யாரு வருவா? இந்த ஊருக்கு எல்லாம் தெரிஞ்சு போகும். பாண்டுன்னு சொல்ல மாட்டாங்க, கள்ளம்னு சொல்லுவாங்க. அதுக்கு பாண்டு எவ்வளவோ கொள்ளாம்."

அஸ்வதி ஐந்தரை பஸ்ஸுக்கு வந்து இறங்கினாள். நனைந்த சுடிதார் ஓரத்தைப் பிழிந்துகொண்டே அடுக்களைப் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கிழங்கு வெந்து காந்தாரி மிளகு இடித்து வைத்திருந்தது. அவள் ஒரு துண்டை எடுத்து மிளகில் தொட்டு வாயில் போட்டாள். அழவில்லை.

"சுகர் நோக்க வந்த ஆளா? நீல சட்டை? ஊசி குத்துறதுக்கு முன்ன கண்ணை மூடிட்டாரே, அவரா?"

"உனக்கு இப்பவும் சிரிப்பா?" என்றாள் விலாசினி.

"நான் சிரிக்கேல்ல அம்மா." அஸ்வதி அக்காவைப் பார்த்தாள். "ஆல்பம் வந்த அன்னைக்கே நான் கண்டேன் சேச்சி."

"கண்டியா? பொறவு ஏன் ஒண்ணும் சொல்லேல்ல?"

"என்ன சொல்ல? நீ மூணு நாள் இருந்து செஞ்சிருக்கே. முதுகு வலிக்குன்னு தைலம் போட்டது நான்தானே. ஆனா அந்தப் படத்துல நான் இல்ல சேச்சி. எனக்க முகம் உண்டு, எனக்க கம்மல் உண்டு. அந்தக் கை வேற ஆருக்கயோ கை." அவள் தன் மணிக்கட்டை நீட்டினாள். "லேபுல நான் ஒரு நாளைக்கு நூறு பேருக்க கையைப் பிடிக்கேன். ஒருத்தரும் கையை உருவிட்டுப் போகேல்ல. நீ ஒருத்திதான் எனக்க கையைப் பாத்து பயந்தது."

லேகாவுக்கு வெட்கம் காதுவரை ஏறியது. "நாளைக்கு சஜன்கிட்ட போறேன்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவள் முதல் பஸ்ஸில் பாறசாலைக்குப் போனாள். கடை ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. சஜன் முந்தின நாள் வெயிலில் மூக்கு சிவந்து, கேமரா லென்ஸ்களை டிஷ்யூவால் துடைத்துக்கொண்டிருந்தான். காரோட்டுக்காரன்தான், லேகாவோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவன்.

"சஜா, அஸ்வதிக்க வளையிடல் ரா எல்லாம் உண்டா?"

"எந்த டிஸ்க்கு?"

"நீல கவர் போட்ட டிஸ்க்கு."

"அதுல இப்ப கன்னியாகுமரி ஏத்தியாச்சே."

லேகா அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.  எதிரே ரயில் ஒன்று நாகர்கோவில் பக்கம் போனது.  பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சஜன் துடைப்பதை நிறுத்தினான். "எடி, இதுக்கா இந்த முகம்? நீல டிஸ்க்குல இல்லன்னுதானே சொன்னேன்." மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினான். பழைய டிபன் டப்பா ஒன்று வந்தது. அதற்குள் துணியில் சுற்றிய ஒரு டிஸ்க். "நிச்சயத்துக்க படத்தை கல்யாணம் களியாம நான் அழிக்க மாட்டேன். மூணு வருசம் முந்தி ஒருக்கா இடம் இல்லன்னு அழிச்சேன், ரெண்டாவது வாரம் அந்தக் கல்யாணம் முடங்கிப் போச்சு. எனக்க குத்தம் இல்ல, பையனுக்கு வேற ஏதோ சேர்க்கை. ஆனாலும் எனக்கு மனசு கேக்கேல்ல. அதுக்குப் பொறவு தாலி கெட்டுகது வரைக்கும் நிச்சயப் படம் இந்த டப்பாவுக்குள்ளதான். ஆருட்டயும் சொல்லாதே, மூடநம்பிக்கைன்னு சிரிப்பாங்க."

"நான் சிரிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு லேகா சிரித்தாள், கண்ணில் நீர் வர. டிஸ்கைச் சொருகிப் பார்த்தார்கள். நானூற்றிப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவளுடைய குறிப்பு ஃபைல். ஒன்றும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் காஞ்சிரங்குளம் போனார்கள். அஸ்வதி அன்று வேண்டுமென்றே அரைக்கை ரவிக்கை போட்டுச் சேலை உடுத்தியிருந்தாள்.  ஆட்டோவில் லேகா லேப்டாப் பையை மழைச்சாரல் படாமல் சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு வந்தாள்.

ஜெயன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சரசம்மா சுவரோடு சாய்ந்து ஓரமாக இருந்தாள், வந்தவர்கள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "வாங்க, இருங்க" என்ற வார்த்தைகூட அவள் தொண்டைக்குள்தான் வந்தது.

"கள்ளம் காட்டினது நானாக்கும்," என்றாள் லேகா, உட்காராமலே. "அச்சனுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. நான் செய்யும்போது இவளுக்கும் தெரியாது. எனக்குத் தங்கச்சி மேல பாசம் இருந்துச்சு, புத்தி இல்லாமப் போச்சு. அன்னைக்கு இவ கையை யாரும் மூடி வைக்கேல்ல. அதைக் காட்டத்தான் வந்தேன்."

ஜெயன் லேப்டாப்பைப் பார்த்தார். "நேத்து இருந்து நீ பாண்டை வரைஞ்சு வச்சதில்லன்னு எனக்கு என்ன உறப்பு? கருப்பிச்ச கைக்கு வெளுப்பிக்கவும் தெரியும்."

"இந்தா, நான் கையை மறைச்ச அறுவத்திமூணு படத்துக்க நம்பரும் இதுல உண்டு. நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

"இருநூத்தி நாப்பது."

திறந்தாள். அஸ்வதி விளக்கின் முன்னால் கை கூப்பி நிற்கிறாள். கை பளிங்கு மாதிரி. "இதுக்குப் பக்கத்துல கிடக்குதே, இந்தச் சின்ன ஃபைல், இதுலதான் எனக்க வேலை பூரா உண்டு. இப்ப இதை அழிக்கேன். கேமரா எடுத்ததுல எனக்குக் கை வைக்க முடியாது. நீங்களே பாருங்க." அழித்துவிட்டு மறுபடி திறந்தாள். படம் உப்பில்லாத கஞ்சி மாதிரி மங்கி வந்தது, நிறமில்லை, பளபளப்பில்லை. மணிக்கட்டில் வெள்ளை இருந்தது.

"முந்நூத்தி ஒண்ணு," என்றார் ஜெயன். அழித்தாள். அதிலும் இருந்தது. "அறுவத்தெட்டு." அதிலும். அவர் சொல்கிற எண்ணுக்கெல்லாம் அவள் தன் மூன்று நாள் உழைப்பை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டே வந்தாள். வருத்தமாக இல்லை. முதுகிலிருந்து ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தது.

"நூத்திப் பத்தொம்பது" என்றார் அவர். அது அந்தப் படம், இரண்டு கைகள் மட்டும் உள்ளது. குறிப்பு போனதும் வெள்ளை வந்தது. அதன் மேலேயே, சரியாக அதன் மேல், சரசம்மாவின் பெருவிரல்.

"மதி ஜெயா, போதும்," என்றாள் சரசம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் எழுந்து வந்து திரைக்கு முன்னால் குனிந்தாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள், இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

"நான் கண்டேன்லே. வளை ஏறேல்ல, கை இறுகிப் போச்சு. பெருவிரல் வச்சு அமுக்குனேன். அப்ப இதைக் கண்டேன். 'நோவுதா மக்களே?'ன்னு இவ காதுல கேட்டேன். இல்லன்னு தலை ஆட்டினா. கேட்டேனா இல்லியா பிள்ளே?"

"கேட்டீங்க அம்மா," என்றாள் அஸ்வதி.

"பாத்தியா!" சரசம்மா தம்பியின் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு ராத்திரியே மனசுல தீத்துட்டேன், இது ஒண்ணும் காரியம் இல்லன்னு. ஒரு மாசம் களிஞ்சு ஆல்பம் வந்துது. அதுல கை சுத்தமா இருந்துது. நான் எத்தனை வாட்டி எடுத்துப் பாத்தேன் தெரியுமா? எனக்கு கண்ணுல புரை விழுந்து திமிரம் உண்டுன்னு டாக்டர் சொன்னான்லா, அதுனால ஏதோ இல்லாததைக் கண்டேன்னு நெனச்சேன். நீ வந்து பாண்டு பாண்டுன்னு சத்தம் போட்டப்ப, நான் கண்டது நேரா, போட்டோ காட்டுகது நேரான்னு எனக்கே தெரியேல்ல. கண்டேன்னு சொன்னா போட்டோ இல்லன்னு சொல்லும். அதுனாலயாக்கும் வாயை மூடிக் கிடந்தது."

அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் கண்டுட்டுத்தான் வளை இட்டேன். கண்டுட்டுத்தான் சம்மதிச்சேன். எனக்கு வயசாயிட்டு, புத்தி போகேல்ல."

ஜெயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபது வருடம் வெளியூரில் இருந்து வீட்டைக் காத்த மனிதருக்குத் தோற்றுப் போவது எப்படி என்று தெரியவில்லை. கடைசியில், "அக்கா கண்டிருந்தா பொறவு நான் என்ன சொல்ல?" என்று எழுந்தார். அஸ்வதியின் பக்கம் பார்த்து, "ஊசி நல்லா குத்தின பிள்ளே. வலிக்கேல்ல," என்றார். மன்னிப்புக்கு அவரிடம் இருந்த வார்த்தை அதுதான். கிருஷ்ணன்குட்டி அதை அப்படியே வாங்கிக்கொண்டார். விலாசினி அழுதாள், ஆனால் அது நல்ல அழுகை. சரசம்மா அடுக்களைக்குள் போய் நெத்தோலி வறுக்க ஆரம்பித்தாள். வந்தவர்கள் சோறுண்ணாமல் போகக்கூடாது என்று உள்ளேயிருந்தே சத்தம் போட்டாள்.

சாப்பிடும்போது லேகாவின் இலையில் இரண்டாம் தடவை மீன் போட்டுவிட்டு, "எடி, அந்த நூத்திப் பத்தொம்பதைப் பெருசாக்கி எனக்கு ஒண்ணு தரணும். நிறத்தைக் கொஞ்சம் நல்லாக்கு, சோகை பிடிச்சதுபோல இருக்கு. ஆனா எனக்க விரலுக்க அடியில உள்ளது அப்படியே இருக்கணும்," என்றாள். லேகா தலையாட்டினாள். வாயில் சோறு இருந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று.

ஆவணி பிறந்து, சிங்ஙம் பதினொன்றில் கல்யாணம் நடந்தது. அன்று மழை பெய்யவில்லை. அகிலேஷ் தாலி கட்டி முடித்த கையோடு சஜன் டிபன் டப்பாவை லேகாவிடம் கொடுத்து, "இனி உனக்க இஷ்டம்," என்றான்.

அடுத்த வாரம் கல்யாணப் படங்கள் வந்தன. ஆயிரத்து எண்ணூறு ரா. லேகா முதல் படத்தைத் திறந்து வெளிச்சத்தை மட்டும் ஏற்றிவிட்டு மௌஸை விட்டுக் கையை எடுத்தாள். காஞ்சிரங்குளத்துக்குப் போன் போட்டாள்.

"எடி, கேக்காம இனி ஒண்ணும் செய்ய மாட்டேன். உனக்கு என்னெல்லாம் செய்யணும்னு சொல்லு. எழுதி வச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அஸ்வதி நிதானமாக யோசித்தாள்.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் நீயும் நானும் கெட்டிப் பிடிச்சு அழுதோம்லா சேச்சி. எனக்க கண்ணு ரெண்டும் வீங்கிக் கிடக்கும். அதைக் கொஞ்சமா கொறச்சிரு."

"முழுக்க எடுத்துரட்டா?"

"வேண்டாம். கொறச்சா மதி. அழுதேன்னு கொஞ்சம் தெரியட்டும். நாம அழுததுதானே."

"சரி. கைக்கு?"

"கைக்கு என்ன?" என்றாள் அஸ்வதி. "கை நல்லாதானே இருக்கு."